கரைவது, கலங்குவது, ஒளி புகுவது: அன்றாடப் பொருள்களின் பண்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் முதலில் வரும் பாடங்களில் ஒன்று இது. எளிதுதானே என்று பத்து நிமிடத்தில் முடிக்கப் பார்ப்போம். அப்புறம் ஒரு கேள்வி வந்து விழும், பதில் தெரியாமல் விழிப்போம். அப்படி என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

குழப்பம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. "உப்பு கரையும்", "கண்ணாடியில் ஒளி புகும்" என்று பாதி வாக்கியத்தோடு நிறுத்திவிடுகிறோம். எதில் கரையும், எவ்வளவு கரையும், எந்த ஒளி புகும், எவ்வளவு தடிமன் வரை புகும் என்ற மீதிப் பாதியில்தான் சுவையான விஷயமெல்லாம் இருக்கிறது.

பொருளின் பண்பு என்றால் என்ன?

தமிழில் ஒரு சிக்கல் உண்டு. நாற்காலியையும் பொருள் என்கிறோம், அதைச் செய்த மரத்தையும் பொருள் என்கிறோம். இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. ஒரு கரண்டியின் நீளம், வளைவு, எடை எல்லாம் அந்தக் கரண்டிக்கு உரியவை. துருப்பிடிக்காமல் இருப்பதும், சூட்டைக் கடத்துவதும், நீரில் கரையாமல் இருப்பதும் அது எதனால் ஆனதோ அதற்கு உரியவை. அதே அச்சில் மரக்கரண்டி செய்தால் வடிவம் மாறாது, பண்புகள் மாறிவிடும்.

கரைவதும் உருகுவதும் ஒன்றா?

இல்லை. பேச்சில் இரண்டையும் கலந்துவிடுகிறோம். "ஐஸ் கரைந்துவிட்டது" என்கிறோம், உண்மையில் அது உருகியிருக்கிறது. உருகுவதற்கு வெப்பம் போதும், வேறு பொருள் வேண்டாம். கரைவதற்கு இரண்டு பொருள்கள் வேண்டும்: கரைகிற ஒன்று (கரைபொருள்), கரைக்கிற ஒன்று (கரைப்பான்).

சாப்பாட்டு உப்பு உருக 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஆனால் குளிர்ந்த நீரிலேயே அது கரைந்துவிடுகிறது. இந்த ஒரு எண்ணைச் சொன்னாலே பிள்ளைகளுக்கு வித்தியாசம் பிடிபட்டுவிடும்.

கரைந்த உப்பு எங்கே போகிறது?

எங்கேயும் போவதில்லை. 100 கிராம் நீரில் 10 கிராம் உப்பைப் போட்டுக் கரைத்து எடை பாருங்கள், 110 கிராம் இருக்கும். நீரை ஆவியாக்கினால் தட்டின் அடியில் வெள்ளையாக உப்பு திரும்பி வரும். உப்பு சோடியம், குளோரைடு என்ற மின்னூட்டம் கொண்ட துகள்களாகப் பிரிந்து, ஒவ்வொரு துகளையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்கின்றன. கண்ணுக்குத் தெரிகிற அளவில் எதுவும் மிச்சமில்லை என்பதால்தான் மறைந்தது போலத் தோன்றுகிறது. சர்க்கரையும் கரைகிறது, ஆனால் அதன் மூலக்கூறு உடைவதில்லை, முழுசாகவே நீருக்குள் பரவுகிறது.

எடை கூடும் அளவுக்குக் கன அளவும் கூடும் என்று நினைக்க வேண்டாம். 50 மில்லி லிட்டர் நீரோடு 50 மில்லி லிட்டர் எத்தனாலைச் சேர்த்தால் 100 வராது, சுமார் 96 அல்லது 97தான் வரும். இருவகை மூலக்கூறுகளும் ஒன்றுக்கொன்று நெருங்கி அமர்ந்துவிடுகின்றன.

கரைவதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு கண்ணாடி டம்ளரில் நீர் நிரப்பி, அலை அடங்கும்வரை விடுங்கள். ஒரு சர்க்கரைக் கட்டியை நூலில் கட்டி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிடுங்கள். கலக்காதீர்கள், அசைக்காதீர்கள். டம்ளருக்குப் பின்னால் வெளிச்சம் இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் கட்டியின் அடியிலிருந்து மெல்லிய இழைகள் கீழே இறங்கும். வெயிலில் சூடான சாலைக்கு மேலே காற்று நெளியுமே, அதே மாதிரி. சர்க்கரை கரைந்த நீர் சுற்றியுள்ள நீரைவிட அடர்த்தியானது, அதனால் இறங்குகிறது. ஒளியையும் அது சற்றுக் கூடுதலாக வளைக்கிறது, அதனால் கண்ணுக்குத் தெரிகிறது. கரைதல், அடர்த்தி, ஒளி மூன்றும் ஒரே டம்ளரில் வந்துவிடுகின்றன. இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

போடப் போட கரைந்துகொண்டே இருக்குமா?

இருக்காது. ஒவ்வொன்றுக்கும் ஒரு எல்லை உண்டு. 25 டிகிரியில் 100 கிராம் நீர் சுமார் 36 கிராம் உப்பை ஏற்கும். அதற்கு மேல் போடுவது அடியில் தங்கிவிடும். அந்த நிலையில் இருப்பதைத் தெவிட்டிய கரைசல் என்கிறோம். நல்ல சொல். இனிமேல் வேண்டாம் என்று நீர் சொல்வது போல இருக்கிறது.

சர்க்கரையின் கணக்கே வேறு. 20 டிகிரியில் 100 கிராம் நீரில் சுமார் 200 கிராம் சர்க்கரை கரையும். நீரின் எடையைப் போல இரண்டு மடங்கு!

சூடாக்கினால் எல்லாமே அதிகம் கரையுமா?

பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் "ஆம்" என்று முடித்துவிடுவார்கள். உண்மை அவ்வளவு நேராக இல்லை.

சர்க்கரைக்கு அது பொருந்தும். கொதிநிலையில் 100 கிராம் நீர் 480 கிராமுக்கும் மேல் சர்க்கரையை ஏற்கிறது. உப்புக்கோ பெரிதாக மாற்றமில்லை: 36 கிராம் என்பது கொதிநிலையில் சுமார் 39 ஆகிறது, அவ்வளவுதான். நீர்த்த சுண்ணாம்பு நேர் எதிர். 20 டிகிரியில் 100 மில்லி லிட்டர் நீரில் 0.17 கிராம் அளவுக்குக் கரைவது, கொதிநிலையில் அதில் பாதிக்கும் கீழே போய்விடுகிறது.

வாயுக்களும் சூடு ஏற ஏறக் குறைவாகத்தான் கரையும். காற்றோடு தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு லிட்டர் நன்னீரில் 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்கும். 30 டிகிரியில் அது 7.6 மில்லிகிராம்தான். கோடையில் ஆழமில்லாத குளங்களில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதற்கு இது ஒரு காரணம். இரவு மேசையில் வைத்த குளிர்ந்த நீர் டம்ளரைக் காலையில் பாருங்கள், உள்சுவரில் பொடிப்பொடியாகக் குமிழிகள் ஒட்டியிருக்கும். நீர் அறைச் சூட்டுக்கு வந்ததும் வெளியேறிய காற்று அது.

நன்றாகக் கலக்கினால் அதிகம் கரையுமா?

வேகமாகக் கரையும், அதிகமாகக் கரையாது. கலக்குவதும் பொடிப்பதும் வேகத்தை மட்டுமே கூட்டும். எல்லை எவ்வளவு என்பது வெப்பநிலையையும் அந்த இரு பொருள்களையும் பொறுத்தது.

பொடிப்பது ஏன் உதவுகிறது என்பதற்குச் சின்னக் கணக்கு. 1 சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரக் கட்டிக்கு ஆறு முகங்கள், மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 1 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் 1000 துண்டுகள், மொத்தப் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர். சர்க்கரையின் அளவு அதேதான், ஆனால் நீர் தொடும் இடம் பத்து மடங்கு.

எண்ணெய் ஏன் நீரில் கரைவதில்லை?

நீர் மூலக்கூறின் ஒரு முனை சற்று நேர்மின் தன்மையோடும், மறுமுனை சற்று எதிர்மின் தன்மையோடும் இருக்கிறது. அதனால் நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்கின்றன. உப்பு, சர்க்கரை போன்றவற்றையும் அப்படியே பிடித்துக்கொள்ளும். எண்ணெய் மூலக்கூறுகளில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஏதுமில்லை. நீர் தன் இனத்தோடு சேர்ந்துகொள்கிறது, எண்ணெய் ஒதுங்கி நிற்கிறது. அடர்த்தி குறைவு என்பதால் மேலே மிதக்கிறது. மிதப்பதற்கும் கரையாததற்கும் காரணம் வேறு வேறு, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இதையே திருப்பிக் கேளுங்கள்: உப்பு எண்ணெயில் கரையுமா? கரையாது. ஒரு கரண்டி எண்ணெயில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு எவ்வளவு கலக்கினாலும் மணல் மாதிரி அடியில் கிடக்கும். ஆகவே "உப்பு கரையும் பொருள்" என்று எழுதுவது அரைகுறை. "நீரில் கரையும்" என்று எழுதப் பழக்குங்கள். வைட்டமின்களிலும் இதே பிரிவினைதான்: பி, சி நீரில் கரைபவை. ஏ, டி, ஈ, கே கொழுப்பில் கரைபவை.

சோப்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் மூலக்கூறின் தலை நீரை விரும்பும், நீண்ட வால் எண்ணெயை விரும்பும். வால்கள் எண்ணெய்த் துளிக்குள் குத்திக்கொள்ள, தலைகள் வெளியே நீரைப் பார்த்து நிற்க, அழுக்குத் துளி அப்படியே நீரோடு போய்விடுகிறது. இதிலும் எண்ணெய் கரைவதில்லை, நுண்துளிகளாக மிதந்துகொண்டு போகிறது.

பால் ஒரு கரைசலா?

முழுக்க அப்படிச் சொல்ல முடியாது. பாலில் இருக்கும் சர்க்கரையும் உப்புகளும் உண்மையாகவே கரைந்திருக்கின்றன. கொழுப்பும் பெரும்பகுதிப் புரதமும் நுண்துளிகளாகவும் துகள்களாகவும் மிதக்கின்றன. அவற்றின் மேல் பட்டு ஒளி எல்லாப் பக்கமும் சிதறுவதால்தான் பால் வெள்ளையாகத் தெரிகிறது.

சோதிப்பது எளிது. இரண்டு டம்ளரில் நீர் எடுங்கள். ஒன்றில் உப்பைக் கரையுங்கள், மற்றதில் இரண்டே சொட்டுப் பால் விடுங்கள். இருட்டறையில் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். உப்பு நீரில் ஒளி போகும் பாதை பெரும்பாலும் தெரியாது. பால் கலந்த நீரில் ஒளிக்கற்றை ஒரு கோல் போலத் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் ஜான் டிண்டால் ஆராய்ந்த இந்த நிகழ்வுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்: டிண்டால் விளைவு. சாக்பொடி கலந்த நீர் மூன்றாவது வகை. அது கலங்கி நிற்கும், சற்று நேரம் விட்டால் அடியில் படியும், துணியிலோ தாளிலோ வடிகட்டினால் பிரிந்துவிடும். கரைந்த உப்பை எந்த வடிதாளும் பிடிக்காது.

ஒளி புகும், ஒளி கசியும், ஒளி புகா: எப்படிப் பிரிப்பது?

மறுபக்கம் இருப்பது தெளிவாகத் தெரிந்தால் ஒளி புகும் பொருள். வெளிச்சம் மட்டும் வந்து உருவம் தெரியாவிட்டால் ஒளி கசியும் பொருள். எதுவும் வராவிட்டால் ஒளி புகாப் பொருள், நிழலும் அடர்ந்து விழும். நிறத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. சிவப்புக் கண்ணாடியும் ஒளி புகும் பொருள்தான், அது சிவப்பை மட்டும் விடுகிறது.

கண்ணாடி ஒளியை விடுகிறது. அதையே பொடித்தால் ஏன் வெள்ளையாகிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

கண்ணாடிக்குள் இருக்கும் எலெக்ட்ரான்கள், கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்ள முடியாத நிலையில் இருக்கின்றன. அதற்குக் கூடுதல் ஆற்றல் வேண்டும். ஆகவே ஒளி உறிஞ்சப்படாமல் கடந்து போகிறது. ஆனால் காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போதும், வெளியே வரும்போதும், ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடுகிறது. ஒரு சன்னல் கண்ணாடிக்கு இரண்டு பரப்பு, மொத்தம் 8 சதவீதம் போகிறது. அது பெரிதாகத் தெரியாது.

பொடித்த கண்ணாடியில் அப்படிப்பட்ட பரப்புகள் எண்ணில் அடங்காது. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் திரும்பி, கொஞ்சம் வளைந்து, கடைசியில் ஒளி வந்த பக்கமே பல திசைகளில் வெளியேறுகிறது. எல்லா நிறமும் சமமாகச் சிதறுவதால் வெள்ளை. பனிக்கட்டி தெளிவு, பனித்தூள் வெள்ளை. சோப்பு நீர் தெளிவு, நுரை வெள்ளை. கற்கண்டு தெளிவு, சர்க்கரைப் பொடி வெள்ளை. எல்லாவற்றுக்கும் இதே காரணம்தான். (கண்ணாடியைப் பொடித்துப் பார்க்க வேண்டாம், கற்கண்டே போதும்.)

எண்ணெய் பட்ட தாளில் மட்டும் ஏன் வெளிச்சம் தெரிகிறது?

மேலே சொன்னதன் மறுபக்கம்தான் இது. ஒரு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து சன்னலுக்கு நேராகப் பிடியுங்கள். எண்ணெய் பட்ட வட்டம் மட்டும் ஒளிரும், சுற்றியுள்ள தாள் மங்கலாக இருக்கும். இப்போது அதையே சுவர்ப் பக்கம் திருப்பி, வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கமிருந்து விழும்படி பாருங்கள். அதே வட்டம் இப்போது சுற்றியுள்ள தாளைவிடக் கறுத்துத் தெரியும். ஒரே கறை, இரண்டு தோற்றம். முன்பு திரும்பி வந்த ஒளி இப்போது மறுபக்கம் போகிறது, அதனால் அங்கே கூடுகிறது, இங்கே குறைகிறது.

தாள் என்பது மரநார்களும் இடையில் காற்றும். நாரின் ஒளிவிலகல் எண் (ஒளியை ஒரு பொருள் எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் எண்) 1.5 அளவில் இருக்கிறது. காற்றுக்கு ஏறத்தாழ 1. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் ஒளியைச் சிதறடிக்கிறது. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்தால், அதன் எண் சுமார் 1.47. நாருக்கும் எண்ணெய்க்கும் வித்தியாசமே இல்லாதது போல ஒளி நேராகப் போய்விடுகிறது. நீருக்கு 1.33, இடைப்பட்டது. அதனால்தான் நனைந்த தாளிலும் வெளிச்சம் தெரிகிறது, ஆனால் எண்ணெய் அளவுக்கு இல்லை. நனைந்த துணி நிறம் கூடித் தெரிவதும், வெள்ளைச் சட்டை நனைந்தால் உடம்பு தெரிவதும் இதனால்தான்.

சமையல் எண்ணெய்க்குள் போரோசிலிகேட் (ஆய்வகங்களில் பயன்படும், சூடு தாங்கும்) கண்ணாடிக் கோல் ஒன்றை இறக்கினால் அது அப்படியே கண்ணை விட்டு மறையும். இரண்டுக்கும் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ ஒன்று. நாம் கண்ணாடியைப் பார்ப்பதே அதன் விளிம்புகளில் ஒளி வளைவதால்தான். வளைவு நின்றால் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

ஒளி புகாத பொருள் எப்போதுமே ஒளி புகாததுதானா?

தடிமனைக் கேளுங்கள். தங்கம் ஒளி புகாதது என்போம். ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குத் தட்டிய தங்கத் தகட்டை வெளிச்சத்தில் பிடித்தால் பச்சை கலந்த ஒளி கசியும். நீர் ஒளி புகுவது என்போம். கடலில் 200 மீட்டருக்குக் கீழே மங்கல் வெளிச்சம்தான், 1000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளியே கிடையாது.

அடுத்து, எந்த ஒளி என்று கேளுங்கள். சன்னல் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியும் ஒளி புகும், ஆனால் நம் உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் புகாது. வெப்பக் கேமராவுக்கு சன்னல் ஒரு சுவர். மெல்லிய கறுப்புப் பாலித்தீன் பை இதற்கு நேர்மாறு: கண்ணுக்கு எதுவும் தெரியாது, வெப்பக் கேமராவிலோ பைக்குள் இருக்கும் கை பளிச்சென்று தெரியும்.

ஒரே அறையில் இருந்தும் இரும்பு ஏன் மரத்தைவிடக் குளிர்ச்சியாக இருக்கிறது?

இரண்டின் வெப்பநிலையும் ஒன்றே. வெப்பமானி வைத்துப் பாருங்கள். இரும்பு மரத்தைவிடச் சில நூறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். கையிலிருக்கும் சூட்டை அது சட்டென்று இழுத்துக்கொள்கிறது. நம் தோல் உணர்வது அந்த இழப்பைத்தான்.

கடினமான பொருள் உடையாது, இல்லையா?

உடையும். கடினத்தன்மை என்பது கீறலைத் தாங்குவது. 1812இல் ஜெர்மானியரான பிரீட்ரிக் மோஸ் ஒன்று முதல் பத்து வரை ஓர் அளவு வகுத்தார்: மாக்கல் 1, வைரம் 10. நகம் சுமார் 2.5, சன்னல் கண்ணாடி சுமார் 5.5, குவார்ட்ஸ் 7. கண்ணாடி கடினமானதுதான், ஆனால் கீழே விழுந்தால் நொறுங்கும். வைரத்தையும் சுத்தியலால் உடைத்துவிடலாம். அடியைத் தாங்குவது தனிப் பண்பு.

தூசியில் குவார்ட்ஸ் மணல் இருக்கலாம் என்பதால் மூக்குக் கண்ணாடியைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைக்காமல் முதலில் நீரில் அலசுங்கள். 7 என்பது 5.5ஐக் கீறும்.

கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும். சரிதானே?

எடையைப் பார்க்காமல் அடர்த்தியைப் பாருங்கள். ஒரு சிறிய ஆணி மூழ்கும், பெரிய மரக்கட்டை மிதக்கும். நீருக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு 1 கிராம், இரும்புக்கு 7.87, பனிக்கட்டிக்கு 0.917. அதனால்தான் பனிக்கட்டி மிதக்கிறது, அதன் பத்தில் ஒன்பது பங்கு நீருக்கடியில் இருக்கிறது.

எல்லா உலோகமும் காந்தத்தில் ஒட்டுமா?

ஒட்டாது. இரும்பு, நிக்கல், கோபால்ட் ஒட்டும். செம்பு, அலுமினியம், தங்கம், வெள்ளி ஒட்டாது. துருப்பிடிக்காத எஃகில் ஒட்டும் வகையும் உண்டு, ஒட்டாத வகையும் உண்டு.

வீட்டில் சோதனை செய்யும்போது எதில் கவனம் வேண்டும்?

கரைந்ததா என்று பார்க்க எதையும் நாக்கில் வைக்கப் பழக்காதீர்கள். உப்பிலும் சர்க்கரையிலும் தொடங்கும் பழக்கம் வேறெதிலாவது போய் முடியும். கழிவறை சுத்தம் செய்யும் அமிலத்தையும் பிளீச்சிங் திரவத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள், நச்சான குளோரின் வாயு வரும்.

"தாள் ஒளி கசியும் பொருள்" என்று என் பிள்ளை எழுதினான், தவறு என்று குறித்துவிட்டார்கள். எது சரி?

பிள்ளை எழுதியதில் தவறில்லை. ஒற்றைத் தாளைச் சன்னலில் வைத்தால் வெளிச்சம் கசியத்தான் செய்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம் முழுவதையும் வைத்தால் கசியாது. கேள்வியில் "எத்தனை தாள்" என்பது விடுபட்டுப்போயிருக்கிறது. வகுப்பில் "ஒளி புகா" என்று சொல்லிக்கொடுத்திருந்தால் ஆசிரியரிடம் பொறுமையாகப் பேசிப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் ஏற்றுக்கொள்வார்கள்.

அதற்கு முன் பிள்ளையோடு சேர்ந்து இதைச் செய்யுங்கள். பகல் வெளிச்சத்தில் சன்னல் கம்பி மேல் ஒரு தாளை ஒட்டி வையுங்கள். கம்பியின் நிழல் தாளில் தெரியும். அடுத்த தாளை அதன்மேல் வையுங்கள், அப்புறம் இன்னொன்று. எத்தனையாவது தாளில் கம்பி மறைந்தது, எத்தனையாவது தாளில் வெளிச்சமே மறைந்தது என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டு எண்களோடு பள்ளிக்குப் போகட்டும்.